வன்னியில் இன்சுலின்: ஊசி, பேனா, மண்பானை, சென்சர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்சுலினைப் பற்றி எழுதப்படுகிறவை பெரும்பாலும் பிரிஜ்ஜும் தடைப்படாத மின்சாரமும் பக்கத்துத் தெருவில் பாமசியும் உள்ளவர்களை நினைத்து எழுதப்படுகின்றன. தகரக் கூரையும், மாதத்தில் ஒரு கிளினிக் நாளும், வெளிநாட்டு உறவினர் அனுப்பிய, சீனி அளக்கும் மெஷினும் உள்ள வீட்டில் முன்னுக்கு வரும் கேள்விகள் வேறு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கங்களுக்குப் பொருந்தும் கேள்விகளை இங்கே எடுத்திருக்கிறோம். உங்களுக்கு எத்தனை யுனிற் என்பது இதில் இல்லை. அது உங்கள் கிளினிக் கொப்பியில் இருக்கிறது. அதை மாற்ற வேண்டியவர் வைத்தியர்.

இன்சுலின் தொடங்கினால் பிறகு நிப்பாட்டவே ஏலாதாமே?

யாருக்கு என்பதைப் பொறுத்தது. முதலாம் வகைச் சலரோகத்தில், அதாவது பெரும்பாலும் சிறுவயதிலேயே தொடங்கும் வகையில், உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோகிறது. அவர்களுக்கு இன்சுலின் சோறு தண்ணி மாதிரி. நிப்பாட்டினால் சில நாட்களிலேயே உயிராபத்து. 1922 ஜனவரியில் ரொறொன்ரோவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக ஏற்றப்படும்வரை இந்த வருத்தம் வந்த பிள்ளைகளைக் காப்பாற்ற வழி இருக்கவில்லை. இரண்டாம் வகையில் கதை வேறு. சத்திரசிகிச்சை, காய்ச்சல், கர்ப்பம் போன்ற வேளைகளில் தொடங்கிப் பிறகு குளிசைக்குத் திரும்புகிறவர்கள் உண்டு. பத்துப் பதினைந்து வருடம் குளிசை எடுத்த பிறகு இன்சுலின் வந்தால் அது பெரும்பாலும் நிற்காது. அதற்குக் காரணம் இன்சுலின் பழக்கமாகிவிட்டது என்பதல்ல, கணையம் களைத்துவிட்டது. பாகற்காய்ச் சாறோ ஆவாரம்பூவோ அந்தக் கணையத்தைத் திருப்பித் தராது.

கிளினிக்கில் தருகிற கலங்கல் மருந்தும் தெளிந்த மருந்தும் ஒன்றா?

இல்லை. தெளிந்தது குறுகிய நேர இன்சுலின். அரை மணித்தியாலத்தில் வேலை தொடங்கி, இரண்டிலிருந்து நான்கு மணித்தியாலத்துக்குள் உச்சத்துக்குப் போய், எட்டு மணித்தியாலம் அளவில் முடியும். தனிக் கலங்கல், ஐசோபேன் எனப்படுவது, மெதுவாகத் தொடங்கி அரை நாளுக்கு மேல் நிற்கும். பலருடைய கையிலும் இருப்பது இரண்டும் 30க்கு 70 என்ற கணக்கில் கலந்த மிக்ஸ்ராட் வகை.

இதிலிருந்து வரும் நடைமுறை ஒன்றுண்டு. கலப்பு இன்சுலினைச் சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன் போட வேண்டும். விடிய போட்டது மத்தியானத்தையும் பார்த்துக்கொள்ளும் என்பதால், மத்தியானச் சாப்பாட்டை மூன்று மணிக்குத் தள்ளினால் சீனி இறங்கும். இரவு போடுவது இராச்சாப்பாட்டுக்கு முன்; படுக்கப் போகும்போது அல்ல. படுக்கும் நேரம் போட்டால் அது உச்சத்துக்கு வரும்போது நீங்கள் நித்திரை.

கலங்கல் இன்சுலின் நின்ற இடத்தில் அடையும். உள்ளங்கைகளுக்கு நடுவே பத்துத் தரம் உருட்டி, பத்துத் தரம் மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். பால் மாதிரி ஒரே நிறமாக வர வேண்டும். குலுக்காதீர்கள், நுரைத்துவிடும். உருட்டாமல் போடுகிறவருக்கு ஒரே போத்தலிலிருந்து ஒரு நாள் கூடுதலாகவும் மறுநாள் குறைவாகவும் போகும். அவர் சாப்பாட்டைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார்.

இந்தியாவில் இருந்து கொண்டுவந்த சிறிஞ்சை இங்கே பாவிக்கலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள்.

இலங்கையில் கிளினிக்கில் தரும் இன்சுலின் யூ-100: ஒரு மில்லிலீற்றரில் 100 யுனிற். இந்தியாவில் போத்தலில் விற்கப்படுவதில் பெரும்பகுதி யூ-40: ஒரு மில்லிலீற்றரில் 40 யுனிற். சிறிஞ்சும் அதற்கேற்ப வேறு வேறு. வழக்கமாக யூ-100 சிறிஞ்சின் மூடி செம்மஞ்சள், யூ-40இன் மூடி சிவப்பு. தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து திரும்பி வந்தவர்களிடமும், திருச்சி, சென்னைக்கு வைத்தியத்துக்குப் போய் வருகிறவர்களிடமும் சிவப்பு மூடி இருக்கக்கூடும்.

கணக்கைப் பாருங்கள். சிவப்பு மூடிச் சிறிஞ்சில் 20ஆவது கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது அரை மில்லிலீற்றர். இழுத்தது இங்குள்ள யூ-100 போத்தலிலிருந்து என்றால் உடம்புக்குள் போவது 20 அல்ல, 50 யுனிற், இரண்டரை மடங்கு. வயதான ஒருவரை அது ஆஸ்பத்திரிக்கோ அதற்கு அப்பாலோ கொண்டுபோகும். மறுவளமாக, இந்தியப் போத்தலிலிருந்து செம்மஞ்சள் மூடிச் சிறிஞ்சில் 20 கோடு இழுத்தால் போவது 8 யுனிற்தான். சீனி ஏறிக்கொண்டே போகும், காரணம் பிடிபடாது.

வீட்டில் இரண்டும் இருந்தால் ஒன்றை வெளியேற்றுங்கள். “கவனமாக இருப்போம்” என்பது மின்வெட்டு இரவில் பேரப்பிள்ளை ஊசி போடும்போது உதவாது.

கோடுகளை எப்படி வாசிப்பது?

யூ-100 சிறிஞ்சிலும் அளவுகள் உண்டு. ஒரு மில்லிலீற்றர் சிறிஞ்சில் 100 யுனிற் கொள்ளும். அதில் ஒரு சின்னக் கோடு 2 யுனிற். அரை மில்லிலீற்றர் சிறிஞ்சில் 50 கொள்ளும். அதில் ஒரு கோடு 1 யுனிற். ஒரு மாதம் சின்னதும் அடுத்த மாதம் பெரியதும் கிடைத்தால், “பத்துக்குப் பிறகு நாலு கோடு” என்று எண்ணிப் பழகியவர் 14க்குப் பதிலாக 18 இழுப்பார். கோட்டை எண்ணாமல் இலக்கத்தை வாசித்துப் பழகுங்கள். 15 போன்ற ஒற்றை எண்கள் பெரிய சிறிஞ்சில் இரண்டு கோட்டுக்கு நடுவே விழும். கண் மங்கலானவர்களுக்கு அது சரிவராது. சின்னச் சிறிஞ் கேளுங்கள், அல்லது அளவை இரட்டை எண்ணாக மாற்றலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

போத்தலில் இருந்து இழுத்துப் போடும் முறை என்ன?

கையைக் கழுவி, போத்தலின் பெயரையும் காலாவதித் திகதியையும் பார்த்து, கலங்கல் என்றால் உருட்டிக்கொள்ளுங்கள். எத்தனை யுனிற் எடுக்க வேண்டுமோ அத்தனை யுனிற் காற்றை முதலில் சிறிஞ்சில் இழுத்துப் போத்தலுக்குள் தள்ளுங்கள். தள்ளாவிட்டால் போத்தலுக்குள் வெற்றிடம் உண்டாகி, போகப்போக மருந்து வராமல் குமிழி வரும். போத்தலைக் கவிழ்த்து, ஊசி நுனி மருந்துக்குள் இருக்கும்படி இழுங்கள். குமிழி இருந்தால் விரலால் சுண்டி மேலே வரப்பண்ணித் திருப்பித் தள்ளுங்கள். தோலுக்குக் கீழே போகும் சின்னக் குமிழியால் ஆபத்து இல்லை. அது பிடிக்கும் இடத்தளவு மருந்து குறையும், அவ்வளவுதான்.

தோலை இரண்டு விரலால் மெல்லப் பிடித்து உயர்த்தி நேராகக் குத்துங்கள். மெலிந்தவர், ஊசி 8 மில்லிமீற்றர் என்றால் சாய்வாக 45 பாகையில். தசைக்குள் போனால் மருந்து வேகமாக இறங்கும். முழுவதும் தள்ளி, பத்து எண்ணி எடுங்கள். தேய்க்க வேண்டாம்.

தெளிந்ததையும் ஐசோபேனையும் ஒரே சிறிஞ்சில் கலக்கச் சொல்லியிருந்தால் இரண்டு போத்தலுக்கும் முதலில் காற்று. பிறகு தெளிந்ததை இழுத்து, அதன் மேல் கலங்கலை இழுங்கள். ஒழுங்கு மாறினால் கலங்கல் தெளிந்த போத்தலுக்குள் போய், அந்தப் போத்தலின் குணமே மாறிவிடும். கிளார்ஜின் என்ற நீண்ட நேர இன்சுலினை எதனோடும் கலக்கக் கூடாது.

வயிற்றில் கட்டி மாதிரித் தடித்திருக்கிறது. ஏன்?

ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டதால் கொழுப்புத் தடித்திருக்கிறது. அங்கே நோவு குறைவு என்பதால் கை தானாக அங்கேயே போகும். தடிப்பு இன்னும் பெருக்கும். அதற்குள் போட்ட இன்சுலின் ஒரு நாள் தேங்கி நிற்கும், இன்னொரு நாள் ஒன்றாக இறங்கும். காரணமில்லாமல் ஏறி இறங்கும் சீனிக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் தொப்புளுக்கு இரு பக்கமும்தான். கண்ணால் பார்த்தால் போதாது; சவர்க்காரம் பூசிய விரலால் தடவிப் பாருங்கள், தட்டுப்படும்.

தொப்புளிலிருந்து மூன்று விரல் விட்டு, வயிற்றை நாலு பங்காக நினைத்து, ஒரு கிழமைக்கு ஒரு பங்கு. ஒவ்வொரு ஊசிக்கும் முந்தையதிலிருந்து ஒரு விரலகலம் தள்ளுங்கள். தடிப்பை மாதக்கணக்கில் விட்டுவைத்தால் குறையும். கவனம்: தடித்த இடத்திலிருந்து நல்ல இடத்துக்கு மாறும்போது அதே அளவு இன்சுலின் கூடுதலாக வேலை செய்யும். வைத்தியரிடம் சொல்லி, சீனியை அடிக்கடி பார்த்துக்கொண்டு மாறுங்கள்.

செல் குண்டுக் காயத் தழும்பும், ஒட்டுத்தோலும், கால் இழந்தவர்களின் தண்டுப் பகுதியும் ஊசிக்கு உதவாத இடங்கள். தழும்புக்குள் இரத்த ஓட்டம் சீரில்லை. ஒரு தொடை முழுக்கத் தழும்பு என்றால் வயிறும் மற்றத் தொடையும் பிட்டமும் போதும்.

வயல் வேலைக்குப் போகும் நாளில் தொடையில் போடாமல் வயிற்றில் போடுங்கள். ஓடியாடும் காலில் போட்ட இன்சுலின் வேகமாக இறங்கும்.

ஒரு ஊசியை எத்தனை தரம் பாவிக்கலாம்?

பக்கெற்றில் இருப்பது ஒரு தரம். கிளினிக்கில் சிறிஞ் தட்டுப்பாடானால் யாரும் அப்படிச் செய்வதில்லை என்பதும் தெரிந்ததே. திரும்பப் பாவிப்பதென்றால் அதே ஆளுக்கு மட்டும். மூடி போட்டு, சுத்தமான இடத்தில் வைத்து, நோகத் தொடங்கினாலோ வளைந்தாலோ உடனே விட்டுவிடுங்கள். மழுங்கிய நுனி தோலைக் கிழிக்கும், தடிப்பும் கூடும். சுடுதண்ணியில் அவிக்கவோ ஸ்பிரிற்றால் துடைக்கவோ வேண்டாம், வழுக்குவதற்குப் பூசியிருக்கும் சிலிக்கன் போய்விடும். இன்னொருவரோடு பகிரவே கூடாது. புருசன் பெண்சாதி என்றாலும், ஊசியை மாற்றி அதே இன்சுலின் பேனாவைக் கொடுப்பதென்றாலும் கூடாது; இரத்தம் அதன் மருந்துக் குழாயான காட்றிஜ்ஜுக்குள் பின்வாங்கக்கூடும்.

பிரிஜ் இல்லை. இன்சுலினை எங்கே வைப்பது?

இரண்டு விதமான போத்தல் உண்டு என்று நினையுங்கள்: உடைக்காதது, பாவனையில் உள்ளது.

உடைக்காதது 2 முதல் 8 பாகைக்குள் இருந்தால்தான் பெட்டியில் அச்சிட்ட திகதி வரை நிற்கும். அதைப் பிரிஜ் உள்ள அயலவர் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ வைத்து, ஒவ்வொரு போத்தலாக எடுங்கள். நடுத்தட்டில் வைக்கச் சொல்லுங்கள். பின்சுவரில் முட்டக் கூடாது, ஐஸ் அறைக்குள் போகவே கூடாது. மீன் வைக்கும் ஐஸ் பெட்டிக்குள் நேரே போட்ட இன்சுலின் உறைந்துவிடும். உறைந்த இன்சுலின் பிறகு இளகினாலும் மருந்தில்லை, வெறும் தண்ணி.

பாவனையில் உள்ள போத்தலுக்குப் பிரிஜ் அவசியம் இல்லை. நிழலான குளிர்ந்த இடத்தில் நாலு கிழமை நிற்கும். உங்கள் மருந்துக்குச் சரியான கணக்கு அதன் துண்டுப்பிரசுரத்தில் இருக்கும். திறந்த திகதியைப் போத்தலில் ஒட்டி எழுதுங்கள். துண்டுப்பிரசுரங்கள் பெரும்பாலும் 25 அல்லது 30 பாகைக்குக் கீழ் என்று சொல்லும். இங்கே கோடையில் நண்பகல் 35ஐத் தாண்டும் நாட்கள் உண்டு. தகரத்துக்குக் கீழே அதைவிடக் கூட. இந்த இடைவெளியைப் பற்றி எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் 2021இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. கென்யாவின் அகதி முகாமொன்றில் வீடுகளுக்குள் ஏறி இறங்கும் வெப்பத்தை அளந்து, அதே மாதிரி 25க்கும் 37க்கும் இடையில் நாலு கிழமை வைத்துப் பார்த்தபோது இன்சுலினின் வலு பெரிதாகக் குறையவில்லை. ஆகவே ஒரு நாள் மின்சாரம் நின்றதற்காக போத்தலை எறிய வேண்டியதில்லை. ஆனால் 37 என்பது மேல் எல்லை. வெயிலில் நிறுத்திய மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே உள்ள பெட்டியும், ஓட்டோவின் முன்தட்டும், அடுப்படி அலுமாரியும் அந்த எல்லைக்கு வெளியே.

மண்பானை முறை இது. ஒரு பெரிய மண்பானை, அதற்குள் சுற்றிவர இரண்டு மூன்று விரல் இடைவெளி விட்டு நிற்கிற சின்ன முட்டி. பூச்சும் பெயின்ரும் இல்லாத, தண்ணி கசிகிற மண்ணாக இருக்க வேண்டும். பெரிய பானையின் அடியில் மணல் போட்டு முட்டியை வைத்து, சுற்றி மணலால் நிரப்பித் தண்ணி ஊற்றுங்கள். விடியவும் பின்னேரமும் மணலை நனைக்க வேண்டும். இன்சுலினை மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு முட்டிக்குள் வைத்து, மேலே ஈரச்சாக்கு. பானையை மூன்று கல்லின் மேல், நிழலில், காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். மூலைக்குள் வைத்தால் வேலை செய்யாது. தண்ணி ஆவியாகும்போதுதான் குளிர்கிறது. கச்சான் காற்று அடிக்கும் வறண்ட மாதங்களில் நன்றாகக் குளிரும். மாரியில் காற்றே ஈரமாக இருக்கும்போது பானை பெரிதாகக் குளிராது; அப்போது வெக்கையும் அவ்வளவு இல்லை. ஒரு சின்ன வெப்பமானியை உள்ளே போட்டு நண்பகலில் ஒரு தரம் பாருங்கள், ஊகம் வேண்டாம்.

கெட்டுப்போனதைக் கண்டுபிடிப்பது எப்படி? தெளிந்தது கலங்கினால், கலங்கலில் கட்டி மிதந்தால், போத்தல் சுவரில் பூஞ்சு மாதிரி ஒட்டினால் எறியுங்கள். வெப்பத்தில் வலு இழந்தது பல வேளை கண்ணுக்குத் தெரியாது. சாப்பாடும் அளவும் மாறாமல் மூன்று நாலு நாளாகச் சீனி ஏறினால் புதுப் போத்தல் திறந்து பாருங்கள்.

மடு ஆவணித் திருவிழாவுக்கும் பாதயாத்திரைக்கும் போகும்போது?

நாட்கணக்கில் மரத்தடியில் தங்குவதென்றால் ஈரத்தில் ஊறிக் குளிரும் பை உண்டு. கிடைக்காவிட்டால் மூடிய டப்பாவைச் சுற்றி ஈரத்துணி, காற்றுப் படும்படி. ஐஸ் கொண்டுபோனால் துவாயால் சுற்றி, ஐஸில் முட்டாமல். பஸ்ஸில் இன்சுலின் மடியில் இருக்கட்டும். இரண்டு போத்தல் இருந்தால் இரண்டு பையில், இரண்டு ஆளிடம். காலில் உணர்வு குறைந்தவர்கள் நேர்த்தி வைத்திருந்தாலும் வெறுங்காலோடு சுடுமணலில் நடக்கக் கூடாது.

பேனா சிறிஞ்சைவிடத் திறமா?

அளவு தவறுவது குறைவு. கண் தெரியாதவர் கிளிக் சத்தத்தை எண்ணலாம். ஊசி 4 மில்லிமீற்றர் அளவுக்குக் கட்டையாகக் கிடைப்பதால் நோவும் குறைவு. மருந்து அதே மருந்துதான். ஒரு காட்றிஜ் 3 மில்லிலீற்றர், 300 யுனிற். பேனாவும் காட்றிஜ்ஜும் ஒரே கொம்பனியாக இருக்க வேண்டும். மற்றது பொருந்தினாற்போல் தெரிந்தாலும் அளவு பிழைக்கும்.

நடக்கும் பிழைகள் மூன்று. ஊசியைப் பேனாவிலேயே விட்டுவைப்பது: வெக்கையில் மருந்து விரிந்து ஒழுகும், குளிர்ந்தால் காற்று உள்ளே போகும். போடும் முன் 2 யுனிற் தள்ளிப் பார்க்காதது: நுனியில் துளி வந்தால்தான் வழி திறந்திருக்கிறது. பத்து எண்ணாமல் எடுப்பது: தோலில் ஈரம் தெரிந்தால் அது உங்கள் மருந்து. கலங்கல் காட்றிஜ்ஜில் 12 யுனிற்றுக்குக் கீழ் மிஞ்சினால் உள்ளே இருக்கும் குண்டு உருள இடமில்லை, சரியாகக் கலக்காது, புதிதை எடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் பேனாக்களில் யூ-200, யூ-300 என்ற செறிவான இன்சுலினும் உண்டு. பேனாவில் திருப்பும் எண் யுனிற்தான், அதனால் பேனாவாகப் பாவிக்கும்வரை பிழையில்லை. பேனா பழுதென்று காட்றிஜ்ஜிலிருந்து சிறிஞ்சால் இழுத்தால் யூ-300இல் மூன்று மடங்கு போகும். எந்தக் காட்றிஜ்ஜிலிருந்தும் சிறிஞ்சால் இழுக்காதீர்கள்.

கனடாவில் இருந்து வந்த மெஷின் 9 என்று காட்டுகிறது. செத்துப்போவேனா?

இல்லை. அது வேறு அளவு. இங்கே 162 என்று சொல்வதைத்தான் அங்கே 9 என்கிறார்கள். கனடா, லண்டன் மெஷின்கள் மில்லிமோலில் காட்டும், நமது கிளினிக் மில்லிகிராமில் எழுதும். 18ஆல் பெருக்குங்கள்: 4 என்றால் 72, 7 என்றால் 126, 10 என்றால் 180, 15 என்றால் 270. தசமப் புள்ளி தெரிந்தால் அது மில்லிமோல். அக்கா ரொறொன்ரோவில் இருந்து “எனக்கு ஆறு, உனக்கு ஏன் நூற்றெட்டு?” என்று கேட்டால் இரண்டும் ஒன்றுதான்.

மெஷின் சிலவற்றில் அளவை மாற்ற முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல் இரத்தத் துளி வைக்கும் ஸ்ரிப். ஒரு மெஷினுக்கு அதன் ஸ்ரிப் மட்டுமே பொருந்தும். அது இங்கே விற்காவிட்டால் 50 ஸ்ரிப் முடிந்த பிறகு மெஷின் விளையாட்டுச் சாமான்.

பிழையான எண்ணுக்குக் காரணங்கள்: மாம்பழமோ பனம்பழமோ பிசைந்த விரல் (கழுவி, ஈரம் துடைத்துக் குத்துங்கள், கழுவ வழியில்லையென்றால் முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவதை எடுங்கள்), மூடி திறந்து கிடந்த ஸ்ரிப் போத்தல், காலாவதி, 40 பாகைக்கு மேல் சூடேறிய மெஷின். இரத்தச்சோகை உள்ளவர்களுக்கு மெஷின் கூடக் காட்டலாம். இரும்புச்சத்துக் குறைந்தால் மூன்று மாதச் சராசரிப் பரிசோதனையான எச்.பி.ஏ.1.சி.யும் கூடக் காட்டும். இரண்டும் சேர்ந்து வந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். விரலின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் நோவு குறைவு.

கையில் ஒட்டும் சென்சர் என்ன செய்கிறது?

தோலுக்குக் கீழே உள்ள திரவத்தில் சீனியை அளந்து சில நிமிடத்துக்கொரு தரம் போனுக்கு அனுப்புகிறது. வகையைப் பொறுத்துப் பத்து நாள், பதினாலு நாள் நிற்கும். இரத்தத்தில் இருப்பது அந்தத் திரவத்துக்கு வர ஐந்து பத்து நிமிடம் பிந்தும். சீனி விறுவிறென்று இறங்கும்போது சென்சர் 85 காட்ட, விரலில் 65 இருக்கலாம். உடம்பு ஒன்று சொல்லி சென்சர் வேறொன்று சொன்னால் விரலில் குத்திப் பாருங்கள்.

சென்சரின் மேல் சரிந்து படுத்தால் பொய்யாகக் குறைத்துக் காட்டி நடுச்சாமத்தில் அலாரம் அடிக்கும். சில வகைகளில் வைற்றமின் சி குளிசை பொய்யாகக் கூட்டிக் காட்டும். வியர்வையில் ஒட்டு கழரும். ஒட்டும் முன் எண்ணெயில்லாமல் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். கிணற்றடியில் குளிக்கலாம், குளத்தில் ஆழமாக மூழ்கி நீந்த வேண்டாம்.

எல்லாருக்கும் தேவையா என்றால், இல்லை. முதலாம் வகைப் பிள்ளைகள், சீனி இறங்குவதே தெரியாமல் மயங்குகிறவர்கள், கர்ப்பிணிகள் – இவர்களுக்குப் பெரிய உதவி. நிரந்தரமாக வாங்க வசதியில்லாவிட்டாலும், ஒரேயொரு சென்சரைப் பதினாலு நாள் போட்டு, புட்டுக்கும் பாணுக்கும் சோற்றுக்கும் என்ன நடக்கிறது என்று கொப்பியில் எழுதினால் அந்தக் காசு வீண்போகாது.

பம்ப்? ஊசியில்லாத இன்சுலின்?

பம்ப் என்பது சில நிமிடத்திலேயே வேலை தொடங்கும் வேக இன்சுலினை மட்டும் நாள் முழுக்கத் துளித்துளியாக ஏற்றி, சாப்பாட்டுக்கு நீங்கள் அழுத்தினால் கூடுதலாகத் தருவது. சென்சரோடு இணைந்து தானே அளவைக் கூட்டிக் குறைக்கும் முதல் பம்ப் அமெரிக்காவில் 2016இல் அனுமதி பெற்றது. நல்ல கருவி. ஆனால் இரண்டு மூன்று நாளுக்கொரு தரம் குழாயும் தோலடிக் குழலும் மாற்ற வேண்டும். மாதம் பத்துப் பதினைந்து. உடம்பில் நீண்ட நேர இன்சுலின் ஒன்றும் இல்லாததால் குழாய் மடங்கினாலோ அடைத்தாலோ சில மணித்தியாலத்தில் கீற்றோன் (இன்சுலின் இல்லாதபோது இரத்தத்தில் சேரும் ஆபத்தான அமிலம்) ஏறும். குழாயும் பெற்றரியும் வேக இன்சுலினும் தடையில்லாமல் வரும் என்று உறுதியாகத் தெரியாமல் வன்னியில் ஒரு பிள்ளைக்குப் பம்ப் மாட்டுவது எங்கள் பார்வையில் புத்தியில்லை. அடித்தளத்துக்கு ஒரு நீண்ட நேர ஊசி, சாப்பாட்டுக்கொரு வேக ஊசி என்ற முறையே நன்றாக நடக்கும்.

குளிசையாக இன்சுலின் வராததற்குக் காரணம் அது புரதம். மீன் முட்டை மாதிரி வயிற்றில் செரித்துவிடும். மூச்சில் இழுக்கும் இன்சுலின் 2006இல் ஒன்று வந்து அடுத்த வருடமே நின்றது. 2014இல் இன்னொன்று அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆஸ்துமாக்காரருக்கும் புகைக்கிறவருக்கும் ஆகாது. கிழமைக்கொரு ஊசியான ஐக்கோடெக் 2024இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது.

சீனி இறங்கினால் என்ன செய்வது?

நடுக்கம், குளிர்ந்த வியர்வை, பசி, காரணமில்லாத கோபம். 70க்குக் கீழ் என்றாலும், அளக்க வழியில்லை என்றாலும் உடனே மூன்று தேக்கரண்டி சீனியை அரைக் கிளாஸ் தண்ணியில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் பார்த்து, ஏறாவிட்டால் திரும்பவும். ஏறிய பிறகு பிஸ்கற்றோ சோறோ. சொக்லேற் கொழுப்பால் மெதுவாகத்தான் ஏற்றும். சோடாக்கள் பலவற்றில் இப்போது சீனி குறைத்து இனிப்பூட்டி சேர்த்திருப்பதால் அதை நம்பாதீர்கள். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டிருக்க நேரமில்லை, கரைத்தால் ஆகும்.

அறிவில்லாமல் கிடக்கிறவரின் வாயில் ஒன்றும் ஊற்ற வேண்டாம், நுரையீரலுக்குள் போகும். பக்கமாகச் சரித்துவிட்டு 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். அரிவு வெட்டுக்கும் கடலுக்கும் போகிறவர்கள் தண்ணி புகாத பொலித்தீனில் குளுக்கோஸ் பக்கெற் மடித்து வையுங்கள், கூட வேலை செய்கிற ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். பிள்ளையின் வகுப்பாசிரியருக்கும் இதே.

காய்ச்சல், விரதம்?

காய்ச்சலில் சாப்பிடாவிட்டாலும் முதலாம் வகைக்காரர் இன்சுலினை முற்றாக நிப்பாட்டக் கூடாது. வருத்தம் சீனியை ஏற்றும். நாலு மணித்தியாலத்துக்கொரு தரம் பாருங்கள். சத்தி, வயிற்று நோவு, ஆழமாக வாங்கும் மூச்சு, மூச்சில் பழ வாசம் இருந்தால் விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரி.

கந்தசஷ்டி, நோன்பு போன்றவற்றுக்கு இரண்டு கிழமை முன்னரே கிளினிக்கில் கேளுங்கள். கலப்பு இன்சுலினை வழக்கம்போல் போட்டுவிட்டுப் பட்டினி இருப்பதுதான் மிக மோசமான வழி. 70க்குக் கீழே போனால் விரதத்தை முறிக்க வேண்டும்.

பாவித்த ஊசிகளை?

கிடங்கில் போட்டு எரித்தால் ஊசி எரியாது. மழைக்கு மேலே வந்து பிள்ளைகளின் காலில் ஏறும். தடித்த பிளாஸ்டிக் போத்தலில் போட்டு, முக்கால் நிரம்பியதும் மூடி ஒட்டி, கிளினிக் நாளில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

வெள்ளம் வந்தால்?

2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஒரே இரவில் வீடுகளுக்குள் தண்ணி வந்தது. ஐப்பசி தொடங்கியதும் ஒரு மூடிய டப்பாவில் இவற்றை வையுங்கள்: சிறிஞ் பத்து, ஸ்ரிப், சீனி, கிளினிக் கொப்பியின் படப்பிரதி. இன்சுலினை வெளிக்கிடும்போது எடுத்துப் போடுங்கள். முன்கூட்டியே போட்டுவைத்தால் அது வெக்கைக்குள் கிடக்கும்.

வெளிநாட்டு உறவினர் “என்ன அனுப்ப?” என்று கேட்டால்?

பம்ப் வேண்டாம். இங்கே பாமசியில் ஸ்ரிப் கிடைக்கும் மெஷின் ஒன்றை இங்கேயே வாங்கக் காசு அனுப்பச் சொல்லுங்கள். 4 மில்லிமீற்றர் பேனா ஊசி, யூ-100 அரை மில்லிலீற்றர் சிறிஞ், கீற்றோன் பார்க்கும் சிறுநீர் ஸ்ரிப், ஈரத்தில் குளிரும் பை – இவை பார்சலில் அவ்வளவு இலகுவில் கெடாது. இன்சுலினையும் சென்சரையும் பார்சலில் போட வேண்டாம், வழியில் எந்தக் களஞ்சியத்தில் எத்தனை பாகையில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆள் வரும்போது கைப்பையில் கொண்டுவரட்டும். சில சென்சர்கள் வாங்கிய நாட்டின் அப்போடு மட்டுமே பேசும். ஒன்றைக் கொண்டுவந்து உங்கள் போனில் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு பெட்டியாக வாங்கச் சொல்லுங்கள்.